கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

பெரியவளே, சின்னவனே,

போன மாதம் ஒரு சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். பெரியவள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ‘ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் முன்னோக்கி விழுவது ஏன்?’ என்று சத்தமாகப் படித்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “பஸ்சுதானே நின்னுது. ஆளு எங்க நின்னான்? அவன் ஒடம்புல ஓட்டம் அப்பிடியே கெடக்கும்லா” என்றேன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தோற்றுப்போன அப்பா பதில் சொல்லிவிட்டார் என்று உங்களுக்குச் சிரிப்பு. “அப்பா, அதுக்குப் பேரு நிலைமம்” என்றாள் பெரியவள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பதில் என்னுடையது இல்லை. அதைச் சொன்ன மனிதரைப் பற்றி உங்களிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

இப்போது நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். உங்கள் அம்மாவைக் கல்யாணம் செய்வதற்கு முன்னாலிருந்தே மினிபஸ் ஓட்டினேன். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டு, மேலகரம், குற்றாலம் வழியாக ஐந்தருவி வரைக்கும். ஒரு நாளைக்கு எட்டு நடை. அந்தப் பஸ்ஸுக்கு அவர்தான் கண்டக்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான், எனக்கும்.

அண்ணாச்சியைப் பார்த்த யாரும் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான். ஓடுகிற பஸ்ஸில் அவர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார். மேலே கம்பி இருக்கும், பக்கத்தில் சீட்டு இருக்கும். அவர் கை இரண்டும் டிக்கெட் கட்டிலும் பையிலும்தான். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கால் முன்னே, ஒரு கால் கொஞ்சம் அகற்றி, முழங்கால் முட்டை லேசாகத் தளர்த்திவிட்டு நிற்பார். வளைவு வந்தால் அவர் உடம்பு அதற்கு அரை விநாடி முன்னாலேயே பஸ் திரும்பும் பக்கம் சாய்ந்திருக்கும். வெளியூரிலிருந்து அருவி சீசனுக்கு வருகிறவர்கள் அவர் மேலேயே வந்து விழுவார்கள். “புடிச்சிக்கிடுங்க, புடிச்சிக்கிடுங்க” என்று எல்லாருக்கும் சொல்வார். “நீங்க புடிக்கலியே” என்று யாராவது கேட்டால், “எனக்குக் காலு பாத்துக்கிடும்” என்பார்.

ஒரு கல்லூரிப் பையன் ஒருநாள் அவரை மாதிரியே நிற்கப் பார்த்தான். நன்னகரம் வளைவில் ஒரு ஆச்சியின் கூடைக்குள் போய் உட்கார்ந்தான். கூடையில் தக்காளி. அண்ணாச்சி அவனைத் தூக்கிவிட்டு, “காலை ஏம்ப்பா இரும்புக் கம்பியாட்டம் வெறச்சிக்கிட்டு நிக்க? பஸ்சு திரும்பிட்டு, ஒன் ஒடம்புக்குத் தெரியாது. அது நேராத்தான் போயிட்டிருக்கும். அந்த ஓட்டத்த முட்டுல வாங்கி மெதுவா விடணும்” என்றார். ஆச்சிக்கு அதெல்லாம் வேண்டாம். “ஓட்டத்த வுடுங்க, என் தக்காளிக்கு என்ன சொல்லுதிய?” என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்வரை விடவில்லை.

பெரியவளே, உன் புத்தகத்தில் விசை என்று படித்தாய். ஒன்றின் ஓட்டத்தை மாற்றுகிற தள்ளும் இழுப்பும்தான் அது. அண்ணாச்சி அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் சீசன் சனிக்கிழமையில் பஸ்ஸில் நாற்பதுக்கு மேல் ஆள் ஏறிவிட்டால், விசில் கொடுப்பதற்கு முன் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, “டிரைவரே, பாரம் கூட. முன்கூட்டியே காலை வச்சிரும். சொன்ன ஒடனே நிக்காது” என்பார். சாரல் விழ ஆரம்பித்த முதல் அரை மணி நேரம் இன்னும் ஜாக்கிரதையாக இருப்பார். பல நாள் வெயிலில் சாலையில் படிந்த எண்ணெயெல்லாம் அப்போதுதான் மேலே வரும், டயருக்குப் பிடி இருக்காது. நல்ல மழை அடித்துக் கழுவிவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை.

பஸ் நிற்பதற்கு முன்னால் பின்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இறங்குகிறவர்களை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. நல்ல குணமுள்ள மனிதர், அந்த ஒரு விஷயத்தில் ஏசுவார். அவர் இறங்குவதே தனி அழகு. பஸ் நிற்குமுன் படியை விட்டு, பஸ் போகும் பக்கமே முகம் வைத்து இறங்கி, நாலு எட்டு ஓடி நிற்பார். அந்த நாலு எட்டில் ஓட்டம் தீர்ந்துவிடும் என்பார். “தரைய நாம மிதிச்சாத் தரையும் நம்மள மிதிக்கும். அது எந்தப் பக்கமா மிதிக்குதுன்னு தெரிஞ்சி கால வைக்கணும்.”

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அவரிடம் இன்னொன்று இருந்தது. நான் பிரேக் போட்டால், சாலையைத் திரும்பிப் பார்க்காமல் எதற்குப் போட்டேன் என்று சொல்லிவிடுவார்.

டிக்கெட் கிழித்துக்கொண்டே, “நாய்” என்பார். முன் சீட்டில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தால் நாய்தான் ஓடிக்கொண்டிருக்கும். “ஆடு. நெறைய கெடக்கு” என்பார். ஆட்டு மந்தை. “பைக்குக்காரன், பின்னால பொம்பளை இருக்கா” என்று ஒருநாள் சொன்னார். நானே அசந்துபோனேன். எப்படி என்று கேட்டதற்கு, “ஒத்த ஆளுன்னா பிரேக்க ஏசுத மாதிரி அடிப்பீரு. இப்பம் மரியாதையா அடிச்சீரு” என்றார். நாய்க்கு ரெண்டு குத்து. மாட்டுக்கு ஒரே அமுக்கு, ஏனென்றால் மாடு நகராது என்று எனக்குத் தெரியும். குழிக்கு, போலீசுக்கு, தெரிந்த ஆளுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் என் கால் ஒவ்வொரு விதமாக இறங்குமாம். அவர் பாதத்துக்கு அது வந்துவிடும்.

தினசரி வருகிறவர்களுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. பிரேக் விழுந்ததும் பஸ்ஸே அவர் முகத்தைப் பார்க்கும். அவர் சொல்வார். முன்னால் இருப்பவர்கள் சரி பார்த்து, “ஆமாலே, கழுதைதான்” என்பார்கள். ஒருதடவைகூடத் தப்பியதில்லை.

எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு இல்லை. காலையில் வண்டியை எடுத்ததும், “என்ன டிரைவரே, வீட்ல அம்மாகூடச் சண்டையா? கிளட்ச்ச இந்த மிதி மிதிக்கீரு” என்பார். சண்டையாகத்தான் இருக்கும். நான் என்ன நினைக்கிறேன் என்பது பஸ்ஸில் நிற்கும் நாற்பது பேருக்கும் தெரிவது போல இருந்தது.

உங்கள் அம்மாவை எனக்கு நிச்சயம் செய்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மேலகரம் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் தாத்தா குடையோடு நின்றுகொண்டிருந்தார். அங்கே நிறுத்தம் கிடையாது. நான் பிரேக்கை அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கினேன். பின்னாலிருந்து அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்:

“மாமனாரு.”

பஸ் அப்படிச் சிரித்தது. ஒரு பெண், “ஏ அண்ணாச்சி, அதெப்படித் தெரிஞ்சிது?” என்றாள். “அமுக்குனாரு, விட்டாரு, அமுக்குனாரு. வெக்கம்லா” என்றார். தாத்தா படியில் ஏறும்போது எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன ஏது என்று தெரியாமல் அவரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அண்ணாச்சி ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குள் ஒரு கோபம் வந்து உட்கார்ந்தது.

ஐந்தருவியில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் பால் கேனோடு எங்கள் பஸ்ஸில்தான் வருவார். என் வயது. எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஏதாவது சீண்டிக்கொண்டே இருப்பார்.

“வே, ஒம்ம காலு என்ன நெனைக்குதுன்னு ஒமக்கு முந்தி அவருக்குத் தெரியுது. பேசாம அவரு ஓட்டட்டும், நீரு டிக்கெட்டக் கிழியும்” என்றார்.

“சும்ம வாரும்.”

“நான் ஒண்ணு கேக்கேன். ரோட்டுல ஒண்ணுமே இல்லாம அடிச்சா என்ன சொல்லுவாரு?”

“என்னத்தையாவது சொல்லித்தானே ஆவணும்” என்றேன் நான்.

“அப்பம் மாட்டுவாருல்லா.”

அவர் அதை அதோடு மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. நாலைந்து நாள் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அண்ணாச்சி ஒரே ஒரு தடவை தப்பாகச் சொல்ல வேண்டும், பஸ் ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். எனக்கு அது போதும் என்றிருந்தது. இவ்வளவுதான் என் ஆசை, பிள்ளைகளே. எழுதும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

ஆனி மாதம். மூன்று மணி நடை. குற்றாலம் தாண்டி ஐந்தருவிச் சாலையில், படகுத் துறைக்கு முந்தின நேரான சாலை. அப்போதுதான் சாரல் பொடித்தூறலாக விழ ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கமும் மரம். ஆள் இல்லை, வண்டி இல்லை, அந்தச் சாலையில் எப்போதும் திரிகிற குரங்குகள்கூட ஒன்றும் கண்ணில் படவில்லை. முன்னால் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். தலைக்கு மேல் உள்ளே பார்க்கிற கண்ணாடி இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. டீக்கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “ஏவே, வேண்டாம்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பிரேக்கை முழுக்க மிதித்துவிட்டேன்.

கண்ணாடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாவது சீட்டில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. அவளுடைய மூன்று வயது மகள் சீட்டின் மேல் ஏறி நின்று ஜன்னலில் சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நின்றது. அவள் நிற்கவில்லை.

அண்ணாச்சி தனியாக நின்றிருந்தால் விழுந்திருக்க மாட்டார். நான் எவ்வளவு பலமாக மிதித்தாலும் விழுந்திருக்க மாட்டார். அவர் டிக்கெட்டையும் பையையும் விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டி அந்தப் பிள்ளையைப் பிடித்தார். பிள்ளையின் ஓட்டமும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேருடைய ஓட்டத்தை ஒரு முட்டு எப்படித் தாங்கும்? பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடியே முன்னால் வந்து, எஞ்சின் பெட்டியின் இரும்பு விளிம்பில் வலது முட்டு மோதி விழுந்தார். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை தெரியவில்லை.

பஸ்ஸில் பாதிப் பேர் முன் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உதட்டில் ரத்தம். “ஏவே டிரைவரே, எதுக்குவே அடிச்சீரு?” என்று அவர் கத்திக்கொண்டு எழுந்து வந்தார்.  

கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

“குரங்கு.”

பிள்ளை அவர் நெஞ்சின் மேல் அழுதுகொண்டிருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே மறுபடி சொன்னார், “குரங்குப்பா. குட்டியோட.”

பிரேக்கைப் பற்றி அவர் சொன்னால் அந்தப் பஸ்ஸில் மறுபேச்சு இல்லை. உதட்டில் ரத்தம் வந்தவர் அப்படியே நின்றார். “குட்டியோடயா, பாவம்” என்றாள் ஒருத்தி. “நானும் பாத்தேன், வலதுபக்கமா ஓடிச்சு” என்றாள் இன்னொருத்தி. டீக்கடைக்காரர் பால் கேனைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை.

முட்டுச் சில்லு மூன்றாக உடைந்திருந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். முதலாளி வந்தார். நானும் கட்டில் பக்கத்தில் நின்றேன். “ஒரு குரங்குக்காகவாலே இப்பிடி அடிப்ப? பஸ்சு நெறைய ஆளு இருக்குன்னு யோசிக்க வேண்டாமா?” என்று என்னிடம் கேட்டார்.

அண்ணாச்சிதான் பதில் சொன்னார். “குட்டியோட வந்துட்டு மொதலாளி. யாருன்னாலும் அடிப்பாவ.”

நான் தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தலையாட்டியதும் பொய்தான்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாதுளம்பழம் வாங்கிப் போனேன், ஹார்லிக்ஸ் வாங்கிப் போனேன். அவர் மனைவி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது நானும் அவரும் தனியாக இருப்போம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்றோ, கொசு அதிகம் என்றோ பேசுவேன். வேலை போய்விடும், வேலை போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். அது உண்மைதான். ஆனால் கல்யாணம் முடிந்த பிறகும் நான் சொல்லவில்லையே.

தை மாதம் அவர் வேலைக்குத் திரும்பி வந்தார். முட்டு பாதிதான் மடங்கியது. பஸ் புறப்பட்டதும் கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்தார். தினசரி வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஒரு கையால் டிக்கெட் கிழிக்க அவருக்கு வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். பழைய வழக்கத்தில் பஸ் முழுதும் அவரைப் பார்த்தது.  பின் சீட்டில் ஒருவர், “என்னது அண்ணாச்சி?” என்றார்.

“தெரியலப்பா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, “கம்பியப் புடிச்சா ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு” என்றார்.

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த தன் கையை அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பதினேழு வருஷம். பண்பொழியில் அவர் வீடு என்று எனக்குத் தெரியும். செங்கோட்டையில் ஒரு கடையில் உட்கார்ந்து பில் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு தைப்பூசத்துக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு திருமலைக்கோயிலுக்குப் போனோமே, சின்னவன் மொட்டை போட்ட வருஷம், அங்கே அடிவாரத்தில் அவரைப் பார்த்தேன். காலை நீட்டி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறுகிறது என்று சொல்லி உங்களை இழுத்துக்கொண்டு வேறு பக்கமாகப் போய்விட்டேன்.

போன மாதம் பெரியவள் அந்தக் கேள்வியைப் படித்தாள். உன் புத்தகத்தில் பஸ்ஸின் படம் போட்டு, உள்ளே ஆட்கள் சாய்கிற மாதிரி வரைந்திருந்தது. உனக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வி, மகளே. எனக்கு அந்தப் பஸ்ஸை ஓட்டியது யார் என்று தெரியும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனுக்கு டயர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பண்பொழிக்குப் போனேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “ஏலே, டிரைவரா? வண்டிச் சத்தம் கேக்கும்போதே நெனச்சேன். கிளட்ச்ச இன்னும் அப்பிடித்தான் மிதிக்க” என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். நான் யார் என்று தெரிந்ததும் உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்:

“அந்தச் சவத்துக் குரங்கால எங்களுக்கு வந்த கதியப் பாத்தியளா? அது பொழச்சிட்டு, இவரு காலு போச்சு. இன்னிவரைக்கும் நான் குரங்குக்கு ஒரு பழத்தோலு போட்டதில்ல. பேரப்புள்ளயளையும் போட விட மாட்டேன்.”

“சரி, காப்பி போடு” என்றார் அவர்.

அவள் உள்ளே போனாள். எனக்கு நேரம் அவ்வளவுதான் என்று தெரிந்தது.

“அண்ணாச்சி, அன்னிக்குக் குரங்கு இல்ல” என்றேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். “என்ன?”

“குரங்கு இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க தப்பாச் சொல்லணும்னு சும்மா அடிச்சேன்.”

 திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் ஊன்றி முன்னால் வந்தார்.

“ஒண்ணுமே இல்லியா? நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“அப்பம் நான் நெனச்சது சரிதான்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகப் பேசினார். “அடி விழுந்த ஒடனே என் காலுக்குத் தெரிஞ்சிட்டுலே, முன்னால ஒண்ணும் இல்லன்னு. எதாவது குறுக்க வந்தா உன் காலு பதறும். அன்னிக்கு உன் காலு பதறவே இல்ல. யோசிச்சி அடிச்ச அடி. அந்த ஆளு ரத்தத்தோட உன்னய அடிக்க வாரான், அதான் குரங்குன்னு சொன்னேன். பெறகு நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ மாதுளம்பழம் உரிச்ச.”

நான் தலை குனிந்திருந்தேன்.

“நீ சொல்லவே இல்லியா, எனக்கே சந்தேகம் வந்துட்டு. நெசமாவே குரங்குதானோ? ஒரு பொம்பளை பாத்தேன்னுகூடச் சொன்னாளே. இவன் மேல நான் அநியாயமா நெனச்சிட்டேனோ? நாய்க்கு அடிச்ச அன்னிக்கும் தெரியல. அப்பம் எனக்கு முந்தியும் ஒண்ணும் தெரியாது, சும்மா குருட்டாம்போக்குலதான் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்னு நெனச்சிட்டேன். காலு போனதக்கூட விட்டேன். இத எத்தன வருசமா நெனச்சிட்டுக் கெடக்கேன் தெரியுமா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. பரீட்சை முடிவு வந்த பையன் மாதிரி இருந்தார். “ஒருதடவகூடத் தப்பலலே” என்றார். நீட்டியிருந்த காலைத் தட்டிக்கொண்டு இன்னொரு தடவை அதையே சொன்னார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ‘குரங்கு இல்லை’ என்று ஒரே ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அதை அவரிடம் கொடுத்திருக்கலாம். காலைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. இதைக் கொடுத்திருக்க முடியும். பதினேழு வருஷம் நான் வைத்திருந்தேன்.

காப்பி வந்தது. அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனதும், “அவகிட்டச் சொல்லிராத. இத்தன வருசம் குரங்க ஏசிட்டா. இனிம உன்னய ஏச ஆரம்பிச்சா நிப்பாட்ட மாட்டா” என்று சிரித்தார். பிறகு, இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டார். பெரியவள் படித்த கேள்வியைச் சொன்னேன். நிலைமம் என்று பெயர் என்றேன்.

“அதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்கானுவளா?” என்றார். இரண்டு தடவை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “பிள்ளைகிட்டச் சொல்லு, படம் போட்டா முட்ட மடக்கிப் போடச் சொல்லு.”

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புறப்படும்போது, மறுபடி வரட்டுமா என்றேன். “வா, வா” என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிறர் காலைப் படிக்க எனக்கு வராது.

அவர் மனைவிக்குத் தெரியக் கூடாது என்றாரே, அதனால்தான் அவர் பெயர் இதில் இல்லை. இந்தக் காகிதம் யார் கைக்குப் போனாலும் அந்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

பண்பொழியிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. செங்கோட்டை வந்து, குற்றாலம் போய், ஐந்தருவிச் சாலையில் திரும்பினேன். படகுத் துறைக்கு முன்னால் வேனை ஓரத்தில் நிறுத்தி இறங்கினேன். மத்தியானம். சாலை எத்தனையோ தடவை புதிதாகப் போட்டாகிவிட்டது. இருந்தாலும் எந்த இடம் என்று எனக்குத் தெரியும். நடுச்சாலைக்கு நடந்து போய், அன்றைக்கு ஒன்றும் இல்லாமல் இருந்த அந்த இடத்தில் நின்றேன். நீங்கள் ஒருநாளும் அப்படி நிற்கக் கூடாது. நான் நின்றேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு மினிபஸ் வந்தது. டிரைவர் சின்ன வயசுப் பையன். என்னைத் தூரத்திலேயே பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வைத்து, எனக்குப் பத்தடி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். கண்ணாடி வழியாக உள்ளே நின்ற ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவரும் முன்னால் சாயவில்லை. நான் ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன்.